வான நகரம் தேடிய மந்திரி

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்களுக்குப் பாதி வழியில் ஒரு மலை எதிர்ப்படும். உச்சியில் வேதகிரீசுவரர் கோயில், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயில், ஊருக்குள் சங்கு தீர்த்தம். இதுதான் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றால் வெளி மாகாணத்தாருக்கும் தெரியும். நடுப்பகலில் இரண்டு வெண்கழுகுகள் எங்கிருந்தோ பறந்து வந்து, மலைமேல் படைக்கும் உணவைத் தின்றுவிட்டுப் போகும். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த அந்த அதிசயம் 1990-களின் இறுதியோடு நின்றுபோயிற்று. கழுகுகள் வருவது நின்றாலும் பக்தர்கள் வருவது நிற்கவில்லை.

அந்தக் கழுகுகளுக்கெல்லாம் வெகு காலம் முன்பு, பாண்டிய நாட்டு மந்திரியாக இருந்த ஒருவர் இந்த மலையடிக்கு வந்தார். பல்லக்கு இல்லை, பரிவாரம் இல்லை. அரண்மனையையும் அதிகாரத்தையும் மதுரையிலேயே விட்டுவிட்டு, தேசாந்திரியாக நடந்து வந்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு நகரம். அது எந்த நாட்டிலும் இல்லாத நகரம்.

அவர்தான் மாணிக்கவாசகர்.

பெயர்கள் எத்தனை!

மேலே ஓர் ஊர் இருக்கிறது என்ற எண்ணம் தமிழருக்கு மிகப் பழையது. சங்கப் புலவர்கள் அதைத் துறக்கம் என்றார்கள். வள்ளுவர் புத்தேள் உலகு என்றார். இந்திரனுடைய தலைநகருக்கு அமராவதி என்று பெயர். வைணவர்களுக்கு வைகுந்தம், சைவர்களுக்குச் சிவலோகம் அல்லது சிவபுரம். கிறிஸ்தவர்கள் பரலோகம் என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் சுவனபதி என்கிறார்கள். புரம் என்றாலும் ஊர்தான். பதி என்றாலும் ஊர்தான். பத்திரிகைகளில் மரண அறிவிப்புப் பத்தியைப் பாருங்கள். இறந்தவர் சிவலோக பதவி அடைந்திருப்பார், அல்லது வைகுண்ட பதவி அடைந்திருப்பார். சாவைப் பற்றிப் பேசும்போதும் ஊர் மாறிப் போனதாகச் சொல்லியே நமக்குப் பழக்கம்.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமான சொல் ஒன்று உண்டு. அது வீடு. அறம், பொருள், இன்பம் என்று அடுக்கி நான்காவதாக நாம் சொல்லும் மோட்சத்துக்கு வீடு என்று பெயர். விடு என்ற வினையிலிருந்து பிறந்தது; பற்றை விடுவது வீடு. நாம் குடியிருக்கும் கட்டடத்துக்கும் அதே பெயர்தான். விட்டுப் போவதற்கும், வந்து தங்குவதற்கும் ஒரே சொல்! இந்தச் சொல்லின் இரண்டு முகங்களையும் தம் வாழ்க்கையிலே பட்டு அனுபவித்தவர் மாணிக்கவாசகர் என்று சொல்லத் தோன்றுகிறது.

குதிரைப் பணம்

மேலூருக்கு அருகில் உள்ள திருவாதவூர் அவர் பிறந்த ஊர். அதனால் வாதவூரர் என்று பெயர். இளம் வயதிலேயே கல்வியில் தேர்ந்து, அரிமர்த்தன பாண்டியனிடம் மந்திரியானார் என்றும், தென்னவன் பிரமராயன் என்ற பட்டம் பெற்றார் என்றும் புராணங்கள் கூறுகின்றன.

பாண்டிய நாட்டில் நல்ல குதிரை கிடையாது. கடல் வழியாகத்தான் வரவேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோகூட, பாண்டிய மன்னர்கள் குதிரைக்காகக் கொட்டிய பணத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறான். வாதவூரர் காலத்திலும் அப்படித்தான். துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்ற செய்தி கிடைத்ததும், கஜானாவைத் திறந்து பெரும் பொருளைக் கொடுத்து மந்திரியை அனுப்பினான் அரசன்.

அவர் போன வழியில் திருப்பெருந்துறை. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோவில் என்று வழங்கும் ஊர். அங்கே ஒரு குருந்த மரத்தின் நிழலில் அடியார்கள் சூழ ஒரு குரு உட்கார்ந்திருந்தார். மந்திரி அவரைப் பார்த்தார். அத்தோடு சரி; மந்திரி போய்விட்டார். அரசனுடைய பணம் கோயில் திருப்பணிக்கும் அடியார் வழிபாட்டுக்கும் செலவாயிற்று. குதிரை ஒன்றும் வாங்கவில்லை.

பிறகு நடந்தது நம் நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன; இரவில் மறுபடி நரிகளாகி ஓடின. மந்திரி தண்டிக்கப்பட்டார். வையை பெருகிற்று. பிட்டு விற்கும் கிழவி வந்திக்காகச் சிவபெருமானே மண் சுமந்து பிரம்படி பட்டார். ஆண்டுதோறும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இவை நடித்துக் காட்டப்படுகின்றன. இதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

நாம் நின்று பார்க்கவேண்டிய இடம் வேறு. அரசன் விடுதலை செய்த பிறகு வாதவூரர் பெருந்துறைக்கே ஓடினார். ஆனால் குரு அங்கே அதிக நாள் இருக்கவில்லை. தம்மோடு இருந்த அடியார்களைத் தம்முடன் அழைத்துக்கொண்டு மறைந்தார். 999 பேர் சோதியில் கலந்தார்கள் என்பது ஐதிகம். ஒருவரை மட்டும் விட்டுச் சென்றார். அந்த ஒருவர்தான் வாதவூரர். தலங்கள் தோறும் போய்ப் பாடி, கடைசியில் தில்லைக்கு வரும்படி அவருக்கு உத்தரவு.

பதவி போனதற்கு அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. சிறை புகுந்ததற்கும் வருந்தவில்லை. கூட இருந்தவர்கள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள், தாம் மட்டும் வழியிலே நிற்கிறோம் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திருவாசகம் முழுவதும் கேட்கும் அழுகை இந்த அழுகைதான் என்பது எம் அபிப்பிராயம்.

விட்டுவிடாதே!

பெருந்துறையிலே பாடியதாகச் சொல்லப்படும் திருச்சதகத்தில் நூறு பாட்டு. அவற்றில் ஒன்றில் தம்மைத் தாமே ஒரு நடிகனாகச் சித்திரித்துக்கொள்கிறார். உண்மையான அடியார் கூட்டத்தின் நடுவே அடியார் போல வேஷம் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்துவிட அவசர அவசரமாக ஓடுகிறாராம். கலியாண வீட்டில் அழைப்பில்லாமல் கூட்டத்தோடு நுழைகிறவனைப் போல! வீடு என்ற சொல்லை மோட்சத்துக்கும் வாசலுள்ள வீட்டுக்கும் சேர்த்து அங்கே வைத்திருக்கிறார். ராஜ சபையில் இருந்தவருக்கு யாரை உள்ளே விடுவார்கள், யாரை வாசலில் நிறுத்துவார்கள் என்பது தெரியாதா?

அங்கிருந்து இராமநாதபுரம் பக்கத்தில் உள்ள உத்தரகோசமங்கைக்கு வந்தார். அங்கே பாடியது நீத்தல் விண்ணப்பம். ஐம்பது பாட்டு. ஐம்பதிலும் ஒரே கோரிக்கை: என்னைக் கைவிட்டுவிடாதே. கவனியுங்கள். அவர் வேண்டுவது வீடு. அவர் அஞ்சுவது விடப்படுவது. இரண்டுக்கும் வேர் விடு என்ற ஒரே வினைதான். மொழியின் இந்த விளையாட்டை அவர் தெரிந்தே செய்தாரோ, துக்கம் தானாகவே அப்படிச் சொல் எடுத்ததோ, படிக்கிறவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பூமியில் ஒரு சிவபுரம்

அரசனைப் பாடும் புலவர்கள் அவனுடைய பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, மாலை, கொடி ஆகிய பத்தையும் சொல்லிப் பாடுவதற்குத் தசாங்கம் என்று பெயர். மாணிக்கவாசகர் சிவபெருமானுக்குத் தசாங்கம் பாடினார். ஒரு கிளியிடம் ஒவ்வொன்றாகக் கேட்பது போல அமைந்த பத்து வெண்பாக்கள் அவை.

ஆறு எது என்றால் ஆனந்தம் என்கிறார். மலை எது என்றால் முத்தியைத் தரும் அருள் என்கிறார். முரசு எது என்றால் நாதம். எல்லாம் மண்ணில் அகப்படாதவை. அப்படியானால் ஊரும் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டுமே! இல்லை. நாடு எது என்று கேட்டபோது பாண்டி நாடு என்கிறார். ஊர் எது என்று கேட்டபோது உத்தரகோசமங்கை என்கிறார். பூமியிலே உள்ள சிவபுரம் என்று பக்தர்கள் அதைக் கொண்டாடுகிறார்களாம். ஆற்றையும் மலையையும் வானத்தில் வைத்தவர், நகரத்தை மட்டும் மண்ணுக்கு இறக்கிவிட்டார்.

கழுக்குன்றிலே

அங்கிருந்து வடக்கே பல தலங்கள். திருவண்ணாமலையில் திருவெம்பாவை பாடினார். காஞ்சிபுரத்தை வணங்கினார். பிறகு திருக்கழுக்குன்றம் வந்து சேர்ந்தார்.

அப்போதே அது பழைய ஊர். வாதாபி கொண்ட நரசிம்ம பல்லவன் இக்கோயிலுக்குரிய முந்தைய தானத்தை உறுதி செய்ததை ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. மலையைக் குடைந்து செய்த பல்லவர் குகை ஒன்றும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வேடிக்கை பார்க்க வந்த டச்சுக்காரர்கள் அதில் தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். (சுவரில் பெயர் எழுதும் வியாதி நமக்கு மட்டும் உரியதல்ல.) சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது.

இங்கே மாணிக்கவாசகர் பாடியது ஏழே பாட்டு. ஏழு பாட்டும் ஒரே முடிவாக முடிகின்றன: நீ வந்து காட்சி கொடுத்தாய், கழுக்குன்றிலே. பெருந்துறையில் பார்த்த அதே குருவின் கோலத்தை இந்த மலையில் மறுபடி பார்த்தார் என்று புராணம் சொல்கிறது. பதிகத்துக்கே குரு தரிசனம் என்று தலைப்பு. முதல் பாட்டிலேயே பெருந்துறைப் பெருமானைத்தான் கூப்பிடுகிறார், காண்பது கழுக்குன்றத்தில்.

உத்தரகோசமங்கையின் ஐம்பது பாட்டையும் கழுக்குன்றத்தின் ஏழு பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும். அங்கே கெஞ்சல், இங்கே சாட்சி சொல்வது போன்ற ஒரு நிச்சயம். தருவாய், காட்டுவாய் என்று எதிர்காலத்தில் பேசாமல், காட்டினாய் என்று நடந்து முடிந்த செய்தியாகச் சொல்கிறார். நகரத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவரைப் பார்க்க, நகரத்துக்கு உடையவனே வெளியே வந்துவிட்டான் என்றால் வேறென்ன வேண்டும்?

பிற்காலத்தில் சோழர் ஆட்சியில் இந்த ஊருக்கு உலகளந்த சோழபுரம் என்று ஒரு பெயர் ஏற்பட்டது. கல்வெட்டில் இருக்கிறது. அரசன் தன் பட்டத்தை வைத்து ஒரு புரம் உண்டாக்கினான். அந்தப் பெயர் இன்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. பாட்டில் உள்ள கழுக்குன்றம் என்ற பெயர்தான் நிலைத்தது.

இன்னொரு தொடர்பும் உண்டு. நாகப்பட்டினத்துத் தம்பதி ஒருவர் பிள்ளை வரம் வேண்டி இந்த மலையை வணங்கி, பிறந்த குழந்தைக்கு வேதாசலம் என்று இவ்வூர்ப் பெருமானின் பெயரை வைத்தார்கள். அந்த வேதாசலம்தான் பின்னர்ப் பெயரைத் தூய தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகள் (1876-1950). மாணிக்கவாசகர் வரலாற்றையும் காலத்தையும் ஆராய்ந்து பெரிய நூல் எழுதியவர் அவரே. தேவார மூவருக்கும் முந்தியவர், 3-ஆம் நூற்றாண்டினர் என்பது அவர் கட்சி. ஆனால் திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் வருகிறது. அறுபத்துமூவர் வரிசையிலும் மாணிக்கவாசகர் இல்லை. ஆகவே 9-ஆம் நூற்றாண்டு என்பதே ஆராய்ச்சியாளர் பலர் முடிவு. நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

படை எழுந்தது

உத்தரவுப்படி கடைசியில் தில்லை வந்தார். ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்களோடு அங்கே வாதம் நடந்தது என்றும், அவர்கள் தோற்றார்கள் என்றும், ஈழ மன்னனின் ஊமை மகள் பேசினாள் என்றும் புராணம் சொல்கிறது. வாதத்தின் முடிவை வென்றவர் பக்கத்து நூல்தான் நமக்குச் சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தில்லையில் பாடியவற்றில் இரண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஒன்று யாத்திரைப் பத்து. கோபத்தையும் ஆசையையும் போட்டுவிட்டுப் புறப்படுங்கள், காலம் அதிகம் இல்லை, பெரிய சாத்து ஒன்று போகிறது, அதோடு சேர்ந்துகொள்வோம், சிவபுரத்தின் கதவு அடைபடுமுன் போய்விடுவோம் என்று அடியார்களைக் கூப்பிடுகிறார். சாத்து என்றால் அந்தக் காலத்து வியாபாரிகள் கூட்டமாகப் போகும் பிரயாணம். குதிரை வாங்கப் போன மந்திரிக்கு மோட்சப் பயணத்தை நினைத்ததும் வியாபாரச் சாத்து நினைவுக்கு வருகிறது!

கதவு அடைபடும் என்ற அச்சத்தையும் பாருங்கள். நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் இறுதிப் பகுதியில் இதே பயணத்தைப் பாடுகிறார். அங்கே கொடி கட்டிய மதில், கோபுரம், வாசலிலே வானவர் வரவேற்பு. நம்மவர் வந்துவிட்டார் என்று உள்ளே அழைத்துப் போகிறார்கள். பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் பரம நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல்கள். பகலில் அவை அடைக்கப்படுவதே இல்லை. இரவு என்பதே அங்கே கிடையாது. மாணிக்கவாசகரின் சிவபுரத்துக்கு மட்டும் அடைபடக்கூடிய கதவு. ஒரு முறை வெளியே நின்றுவிட்டவருக்கு அப்படித்தானே தோன்றும்?

மற்றொன்று திருப்படையெழுச்சி. இரண்டே பாட்டு. ஆனால் என்ன பாட்டு! பழைய மந்திரி அங்கே சேனாதிபதியாகிவிடுகிறார். ஞானமே வாள், திருநீறே கவசம், நாதமே பறை. தொண்டர்கள் முன்னணிப் படையாகப் போகவேண்டும். பக்தர்கள் சூழ்ந்து போகவேண்டும். யோகிகள் நடுப்படையைச் செலுத்தவேண்டும். சித்தர்கள் பின்னணியைக் காக்கவேண்டும். எதிரியான மாயையின் படை வந்து சேருமுன் வான ஊரைப் பிடித்துவிட வேண்டும். வெறும் பக்தரால் இதை எழுதியிருக்க முடியாது. தூசிப்படை எது, கூழைப்படை எது என்று அணிவகுப்பு தெரிந்த ராஜ்ய நிர்வாகியின் கை இது. கெஞ்சியவர், அழுதவர், வேஷம் போட்டு உள்ளே நுழையப் பார்த்தவர், முடிவில் கோட்டையைப் பிடிக்கவே புறப்பட்டுவிட்டார்.

ரோமாபுரி 410-இல் பகைவர் கையில் சூறையாடப்பட்ட பிறகு, ஆப்பிரிக்காவில் மேற்றிராணியாக இருந்த அகஸ்டின் கடவுளின் நகரத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அந்த நகரத்தின் பிரஜைகள் இந்த உலகில் வழிப்போக்கர்கள் என்பது அவர் கொள்கை. அங்கே ஒரு சாம்ராஜ்யம் ஆட்டங்கண்டது; இங்கே ஒரு மனிதர் தம் பதவியையும் கூட்டத்தையும் இழந்தார். இரண்டு நகரங்களும் இழப்பிலிருந்தே எழுந்தன. ஆனால் அகஸ்டினுடையது வாதம் செய்யும் நூல். வாதவூரருடையது உருகும் பாட்டு.

கடைசி நாள்

ஒரு நாள் அந்தணர் ஒருவர் வந்து, பாட்டெல்லாவற்றையும் சொல்லச் சொல்லி ஓலையில் எழுதிக்கொண்டாராம். மறுநாள் அந்தச் சுவடி தில்லைச் சிற்றம்பலத்துப் படியில் இருந்தது. எழுதியவர் கையெழுத்து அம்பலவாணருடையது! பொருள் என்ன என்று தில்லைவாழ் அந்தணர் கேட்டபோது, மாணிக்கவாசகர் அவர்களைச் சிற்றம்பலத்துக்கு அழைத்துச் சென்று, நடராஜப் பெருமானைச் சுட்டிக் காட்டி, இதுதான் பொருள் என்று சொல்லி மறைந்தார் என்பது வரலாறு. வயது 32 என்பார்கள். ஆனி மகம் அவர் குருபூஜை நாள்.

திருவாசகத்தின் முதல் பாட்டு சிவபுராணம். தலைப்பில் உள்ள புராணம் வேறு, புரம் வேறு. ஆனால் 95 வரி நடந்து, பாட்டு கடைசி வரிகளில் சிவபுரத்திலேதான் போய் நிற்கிறது. வாயால் ஓதினால் மட்டும் அந்த நகரத்துக்கு அனுமதி கிடையாது. பொருள் உணர்ந்து சொல்லவேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். சிவபுராணத்தை வேகமாக ஒப்பிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம்.

மற்றவர்களுக்கும் இந்த யாத்திரை தொடர்ந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கிலப் பாதிரியார் பனியன் எழுதிய மோட்ச யாத்திரையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை 1894-இல் வெளியிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1900-இல், ஜி. யு. போப் தமது 80-ஆவது வயதில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆக்ஸ்போர்டில் அச்சிட்டார். பாதிரியாராக இந்நாட்டுக்கு வந்தவருக்குச் சைவத் துறவியின் பாட்டு அந்நியமாகப் படவில்லை.

பெருந்துறையில், குரு இருந்த இடத்தில் எழுந்த கோயிலில், கருவறைக்குள் லிங்கம் கிடையாது. ஆவுடை மட்டுமே இருக்கிறது. மேலே வெறும் வெளி. நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. வீதி உலாவுக்கு எழுந்தருளுவது மாணிக்கவாசகர் திருவுருவமே. யாழ்ப்பாணத்திலோ, சைவர் வீட்டில் ஒருவர் இறந்துபோனால் உரலில் சுண்ணம் இடிப்பார்கள். அப்போது திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார்கள். இறைவன் நீராட வாசனைப் பொடி இடிக்கும் பெண்களின் கலகலப்பான பாட்டு அது. கலியாண வீட்டுக்கு ஏற்ற அந்தப் பாட்டை, ஊர் விட்டுப் போகிறவருக்காகப் பாடி வழியனுப்புகிறார்கள்.